இருநூறு சதவீத வயலின்

அளந்து பார்த்துவிட்டார். ஐந்து மில்லிமீட்டர்.

ஸ்கேலைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு தரம் அளந்தார். இசைத் தாளில் வயலின் கோடுகளுக்கு ஐந்தேதான், கீழே பியானோவுக்கு ஏழு. வயலின் வாசிக்கப் போகிறவர் அவர். பியானோ வாசிக்கப் போகிறவள் அவருடைய மனைவி. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன விளக்கம் வேண்டும்?

அளப்பது அவர் தொழில். இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர். மோதி நசுங்கின கார்களை டேப்போடு சுற்றி வந்து, எந்தக் கதவில் எவ்வளவு பள்ளம் என்று எழுதிக் கொடுப்பார். இருபத்தைந்து வருடமாக ஊரான் வீட்டுப் பள்ளங்களை அளந்தவர், தனக்கு விழுந்த பள்ளத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக அளந்தார்.

பள்ளம் விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். மனைவி இசைப்பள்ளியில் பியானோ டீச்சர். ஆகவே தெருவில் அவருக்குப் பெயர் கிடையாது. லாண்டரிக்காரருக்கும் சரி, மாடி வீட்டு அம்மாளுக்கும் சரி, அவர் ‘டீச்சர் வீட்டுக்காரர்’. ஒரு தடவை அவருடைய ஆபீஸுக்கே ஒரு கடிதம் அந்தப் பெயரில் வந்து, யாரையும் விசாரிக்காமல் சரியான மேஜைக்கு வந்து சேர்ந்தது.

இந்த அவமானத்தையெல்லாம் ஒரே சாயங்காலத்தில் துடைத்துவிட ஒரு வழி பிறந்திருந்தது. இசைப்பள்ளிக்கு ஐம்பதாவது ஆண்டு விழா. அதற்காகப் பள்ளியின் தலைவி, எல்லோரும் பெரிய மேடம் என்று அழைக்கிற அம்மாள், பியானோவுக்கும் வயலினுக்குமாக ஏழு நிமிடத்துக்கு ஒரு புதுப் பாட்டு எழுதியிருந்தார். பியானோ, டீச்சர். வயலின், டீச்சரின் அப்பா. முப்பது வருடம் அந்தப் பள்ளியிலேயே வயலின் வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவர். அப்பாவும் மகளும் ஒரே மேடையில் என்று பெரிய மேடம் மனசுக்குள் படமே போட்டு வைத்திருந்தார்.

ஒரே சிக்கல், மாமனாருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியும் பெரிதாகப் பலனில்லை. பேப்பரில் தலைப்பை மட்டும் படிப்பார். மீதியை ஊகித்துக்கொள்வார், அநேகமாகச் சரியாகவே ஊகிப்பார். ஆனால் பெரிய மேடத்தின் கையெழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஊகித்து வயலின் வாசிக்க முடியாது.

அப்போதுதான் டீச்சர் கணவரிடம் வந்தாள். அவர் கம்ப்யூட்டரில் இசை எழுதுகிற ஒரு சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு வார இறுதிகளில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பவர். இந்தப் பாட்டை அதில் அடித்து, அப்பாவுடைய வயலின் பகுதியை மட்டும் நன்றாகப் பெரிதாக்கி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

இந்த இடத்தில் வாசகர்கள் சர்வேயரின் மன நிலையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவரிடமும் ஒரு வயலின் இருந்தது. கல்லூரி நாளில் கற்றுக்கொண்டது. தினமும் காலையில் அரை மணி நேரம் வாசிப்பார். அந்த அரை மணி நேரமும் மாடி வீட்டு அம்மாள் மிக்ஸியை ஓட விடுவாள், அரைக்க ஒன்றும் இல்லாத நாளில்கூட. மாமனார் ஒரே ஒரு தடவைதான் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார். “வில்லை நல்லா பிடிக்கிறீங்க மாப்பிள்ளை. பிடிச்சதோட நிறுத்திக்கலாம்.” பதினெட்டு வருடமாகியும் அது ஆறவில்லை.

ஆகவே சர்வேயர் உதட்டைப் பிதுக்கினார். மேற்கத்திய இசையை எழுதுவதற்கு ஐந்து கோடு போடுவார்கள் இல்லையா, அந்தக் கோடுகளின் அளவு உலகம் முழுவதும் ஒன்றுதான், சாஃப்ட்வேரில் அதைத் தொடவே முடியாது என்றார். ஒரு சென்டிமீட்டர் பள்ளத்துக்குப் புதுக் கதவு கேட்கிறவர்களிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார். “மாமா கண்ணை ஏன் கெடுத்துக்கணும்? பாவம். வேணும்னா நானே வாசிச்சுடறேன். அடிக்கிறதும் நான்தானே.”

அது பச்சைப் பொய். அளவை மாற்றுகிற கட்டம் அவருடைய திரையிலேயே, வலது பக்கம், மூன்றாவது வரியில் இருந்தது. ‘ஸ்டாஃப் சைஸ்’, அதாவது அந்த ஐந்து கோட்டின் அளவு, என்று பெயரே போட்டிருந்தது. பக்கத்தில் நூறு சதவீதம் என்று ஒரு எண். அதை மாற்ற ஒரு விரல் போதும்.

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமான ஒருவர், அந்த ‘சரிங்க’வைக் கேட்டதுமே வீட்டை விட்டு ஓடியிருக்க வேண்டும். இவர் உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

மூன்று வாரம் அடித்தார். மூவாயிரத்து இருநூறு நோட்டு, அதாவது சுரம். ஒவ்வொரு நோட்டும் தனக்குத் தலைகீழாகத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மேடத்துக்கும் இரண்டு தடவை போன் பண்ணிச் சொன்னார். இந்தப் பெருமையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும். அவருக்கு அல்ல.

அடித்து முடித்து முதல் பிரதியை அச்செடுத்தபோதுதான் அந்த ஐந்து மில்லிமீட்டர் கண்ணில் பட்டது. டீச்சர் சமையலறையில் டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவர் தாளை நீட்டினார்.

“இது என்ன?”

“பியானோ காப்பி.”

“அது தெரியுது. மேல பொடி எழுத்துல என்ன?”

“உங்க வயலின்.”

“ஏன் பொடியா இருக்கு?”

“அப்படித்தான் போடுவாங்க. பியானோ வாசிக்கிறவங்களுக்கு அவங்க கோடு பெருசா இருக்கும். கூட வாசிக்கிறவர் கோடு மேல சின்னதா இருக்கும். அவர் எங்க போயிட்டிருக்காருன்னு ஓரக்கண்ணால பார்த்துக்கிறதுக்கு. உங்களுக்குத்தான் தனியா வயலின் காப்பி இருக்கே, அதுல முழு அளவுல வரும்.”

“அப்ப உன் காப்பியில நான் ஓரக்கண் கேஸா?”

“இருபத்திரண்டு வருஷமா அப்படித்தானேங்க ஓடுது” என்று டோஸ்ட்டைத் தட்டில் வைத்தாள்.

அவள் சொன்னது முழு உண்மை. உலகம் பூராவும் அதுதான் வழக்கம். வயலின், பியானோ என்று தேர்ந்தெடுத்ததுமே சாஃப்ட்வேர் தானாகவே அப்படிப் போட்டுவிடும். ஆனால் சர்வேயர் நம்பவில்லை. பியானோ டீச்சர்களெல்லாம் ஒன்றுகூடி, தங்கள் வீட்டுக்காரர்களை மட்டம் தட்டுவதற்கென்றே கண்டுபிடித்த வழக்கம் அது என்று முடிவு கட்டினார். அன்றைக்கே ஒரு சபதமும் எடுத்தார். இந்த ஒரு தாளிலாவது நான் பெரியவனாக இருப்பேன்.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். வயலின் கோட்டைத் தொட்டு, வலது பக்கம் மூன்றாவது வரியில், எழுபத்தைந்தை அழித்து நூற்றிருபது என்று போட்டார். பியானோவைத் தொட்டு எண்பது போட்டார். திரையில் வயலின் ஊதிக்கொண்டது. பியானோ ஒடுங்கிக்கொண்டது. அவருக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. இன்னொரு சௌகரியமும் தெரிய வந்தது. இங்கே மாற்றினால் தனி வயலின் காப்பியிலும் எழுத்து தானாகவே பெரிதானது. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் படிக்க முடிந்தது. தனக்குக் கண்ணாடி தேவை என்பதை அவர் இன்னும் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அச்செடுத்து அவள் முன்னால் வைத்த பிறகுதான், தான் சொன்ன பொய் ஞாபகம் வந்தது. முந்திக்கொண்டார். சாஃப்ட்வேரில் புது வெர்ஷன் வந்திருக்கிறது, இப்போது அளவை மாற்ற விடுகிறார்கள் என்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

“அப்படியா. எவ்வளவு பெருசு பண்ணலாம்?”

“எவ்வளவு வேணும்னாலும்.”

“ஓ” என்றாள். தாளை எட்டப் பிடித்துப் பார்த்தாள். “நூத்தி இருபதா? ஒண்ணும் பெரிசா வித்தியாசம் தெரியலையே.”

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு இது எதிர்பாராத பரிசு. தன் மனைவிக்கு ஒருவழியாக நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தார். அடுத்த வாரம் நூற்றைம்பது ஆக்கினார். அவள் பியானோவில் வைத்து வாசித்துப் பார்த்தாள். மேடையில் விளக்கு வெளிச்சம் ஒரு மாதிரி இருக்கும், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இது போதாது என்றாள். தூரத்திலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. இருநூறு போட்டார். சொந்த முயற்சியில் பியானோவை அறுபதுக்கு இறக்கினார்.

“உனக்குக் கஷ்டமா இருக்குமா?” என்று கேட்கும்போது அவர் குரலில் இருந்த கருணையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

“எனக்கென்ன, கண்ணு நல்லாத்தானே இருக்கு. கண்ணாடி போட்டுக்கறேன்.”

இதில் ஒரு சங்கதி நடந்தது, அவர் அதை அளக்கவில்லை. பெரிய நோட்டுக்கு அகலம் வேண்டும். ஒரு வரியில் ஆறு தாளக் கட்டம் இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான் கொள்ளும். நான்கு பக்கப் பாட்டு பதினோரு பக்கம் ஆயிற்று. பெரிய மேடம் கைப்பிரதி எழுதும்போதே, பக்கம் முடிகிற இடத்தில் பியானோவின் இடது கைக்கு ஓய்வு வருகிற மாதிரி பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். வாசிக்கிறவள் அந்த ஓய்வில் தானே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். அந்த ஏற்பாடெல்லாம் இருநூறு சதவீதத்துக்கு அடியில் நசுங்கிப் போயிற்று.

அச்சுக்கடைக்காரர்கூடக் கேட்டார், ஏழு நிமிடப் பாட்டுக்குப் பதினோரு பக்கமா என்று. சர்வேயர் இதுதான் இறுதிப் பிரதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யார் வந்து கேட்டாலும் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது, குறிப்பாக என் மனைவி வந்து கேட்டால், என்றும் சொல்லி வைத்தார். கடைக்காரர் ஆறு பிரதி போட்டு, கெட்டி அட்டை கட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் அரங்கில் ஒத்திகை. மடக்கு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று மகள் அழைத்து வந்ததாகச் சொன்னார். சும்மா பார்க்க வந்தவரின் காலடியில், சால்வை போர்த்தி, நீளமாக ஒன்று கிடந்தது. சர்வேயர் அதைக் குடை என்று எண்ணினார்.

ஒத்திகைதானே என்று நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு ஸ்டாண்டை ஒட்டிப் போட்டு, வயலின் காப்பியின் ஐந்து தாள்களையும் விரித்து வைத்துக்கொண்டார். எழுத்து ஒவ்வொன்றும் கடை போர்டு மாதிரி இருந்தது. வாசிக்க ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு பக்கம் எப்படியோ ஓடிற்று. டீச்சரின் பியானோ கனமான கம்பளம் மாதிரி அடியில் ஓடிக்கொண்டிருந்ததால், மேலே நடக்கிறது என்னவென்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

முதல் புரட்டல் வந்தது. இரண்டு கையும் வேலையில் இருந்தன. டீச்சர் இடது கையை எடுத்துத் தாளைப் புரட்டினாள். கம்பளம் உருவப்பட்டது. நாலு விநாடி, வயலின் மட்டும் தனியாக, வெட்டவெளியில் நின்றது. பெரிய மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ரசித்து மூடியதல்ல.

அடுத்த புரட்டலில் கெட்டி அட்டை தானாகவே மூடிக்கொண்டு, பியானோக் கட்டைகள் மேல் விழுந்து, பாட்டில் இல்லாத பதினோரு நோட்டை ஒரே நேரத்தில் வாசித்தது.

டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டாள். மேடம், பக்கம் புரட்ட ஒரு ஆள் இல்லாமல் முடியாது என்றாள். பெரிய மேடம், அதற்கென்ன, யாரையாவது நிறுத்தினால் போயிற்று என்றார். யாரையாவது நிறுத்த முடியாது என்று டீச்சர் நிதானமாக விளக்கினாள். புதுப் பாட்டு, யாரும் கேட்டதில்லை. எழுத்தோ பொடி. வேகமான இடத்தில் ஒரு விநாடி தப்பினால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு நோட்டும் தலைகீழாகத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும்.

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற ஆளா” என்று சேர்த்துக்கொண்டாள்.

பெரிய மேடத்தின் முகம் மலர்ந்தது. “நீங்கதானே சார் அது. ரெண்டு தடவை போன்ல சொன்னீங்களே.”

சர்வேயர் வயலினை மார்போடு அணைத்துக்கொண்டார். “நான் புரட்டினா வயலின் யார் வாசிக்கிறது?”

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. முனகல் அல்ல, ராகம். மாமனார், கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, எட்ட இருந்த ஸ்டாண்டைப் பார்த்து, முதல் தாளின் முதல் வரியைப் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிக்கும் போனார். ஒரு தப்பு இல்லை. சர்வேயர் வாசித்தபோது யாருக்கும் பிடிபடாத மெட்டு, அந்தக் கிழக்குரலில் அழகாக இருந்தது என்பதுதான் மிகவும் அநியாயம்.

“அப்பா, தெரியுதா?” என்றாள் டீச்சர்.

“இங்கிருந்தே தெரியுதும்மா” என்றார் அவர். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். “எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க. நான்தான் உங்களைப் பத்திக் கொஞ்சம் தப்பா நினைச்சுட்டேன்.”

பெரிய மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்றார். மாமனார் குனிந்து காலடியிலிருந்த சால்வையை விலக்கினார். குடை அல்ல.

இந்த நிலையில், ‘அவருக்காகப் பெரிதாக்கவில்லை, எனக்காகத்தான் பெரிதாக்கினேன்’ என்று சொல்லக்கூடிய ஆண்மகன் இன்னும் பிறக்கவில்லை. கடைசி முயற்சியாக சர்வேயர், பியானோ பிரதியை மட்டும் பழைய அளவுக்கே கொண்டுவந்து நான்கு பக்கமாக எடுத்துத் தருகிறேன், ஒரு நிமிட வேலை, அப்புறம் புரட்டுகிற தொந்தரவே இல்லை என்றார்.

“அளவை மாத்த முடியாதுன்னு சொன்னீங்களே?” என்றாள் டீச்சர்.

“இல்ல, அது... புது வெர்ஷன்ல...”

“நாலு நாளா இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வாசிச்சிட்டிருக்கேன். எந்த நோட்டு எந்த மூலையில இருக்குன்னு கண்ணுல பதிஞ்சு போச்சு. இன்னிக்கு இடம் மாத்தினா நாளைக்கு நான் தடுமாறுவேன். அச்சுக்கடையிலயும் நீங்களே சொல்லியிருக்கீங்களாமே, ஒரு புள்ளியை மாத்தக் கூடாதுன்னு.”

விழா அன்றைக்கு அரங்கம் நிறைந்திருந்தது. ஆபீஸிலிருந்து பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களை அழைத்ததும் அவர்தான். மாமனார் இரண்டு ஸ்டாண்டுக்கு முன்னால் நின்றார். எழுபத்தெட்டு வயது. ஓர் இடத்தில் வில் கொஞ்சம் நடுங்கிற்று. மற்றபடி, ஏழு நிமிடமும் அரங்கில் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை. சர்வேயர் கோட்டும் டையுமாகப் பியானோவுக்கு இடது பக்கம் நின்றார். குனிந்தார், புரட்டினார், நிமிர்ந்தார். ஐந்து தடவை. அறுபது சதவீத எழுத்து கண்ணுக்குப் பிடிபடாமல், இரண்டாவது புரட்டலுக்குப் பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து எல்லோர் முன்னாலும் மாட்டிக்கொண்டார். ஒரு விநாடிகூடத் தப்பாமல் புரட்டினார். அதுவரை வாழ்க்கையில் அவர் இசையில் எதையும் அத்தனை சரியாகச் செய்ததில்லை.

கைதட்டல் அடங்கிய பிறகு, மேடைக்குப் பின்னால் நிகழ்ச்சி நிரல் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தார். பியானோ என்று போட்டு மனைவி பெயர், கொட்டை எழுத்தில். வயலின் என்று போட்டு மாமனார் பெயர், அதைவிடக் கொட்டையாக. அதற்கும் கீழே, தாளின் விளிம்பில், தூசி மாதிரி ஒரு வரி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். ‘பக்கம் புரட்டுபவர்: டீச்சர் வீட்டுக்காரர்’.

கை தானாகவே பைக்குள் போய் ஸ்கேலை எடுத்தது. ஒன்றரை மில்லிமீட்டர்.

அப்போதுதான் அவருடைய தொழில் மூளை விழித்தது. நேற்றுச் சாயங்காலம் முடிவான ஏற்பாடு இன்றைக்கு எப்படி அச்சில் வந்தது? மனைவி பக்கத்தில் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

“இதை எப்ப அச்சுக்குக் கொடுத்தாங்க?”

“பத்து நாளாச்சு.”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். “பத்து நாளைக்கு முன்னால நான் நூத்தி இருபதுலதானே இருந்தேன்?”

“ஆமா” என்றாள் அவள். அவர் கையிலிருந்த ஸ்கேலை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். “உங்களை அளக்க எனக்கு இதெல்லாம் வேணுமா?”